நார்வே ஹார்டாங்கர் அருவிகள்: ஜூன்ல அப்பா அம்மாவோட போறோம், எதைப் பாக்கலாம் எதை விடலாம்?

கோடைமழை

வணக்கம் மக்களே. நான் நெதர்லாந்துல ஐந்தோவன்ல வேலை பாக்குறேன், ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஜூன் நடுவுல பெர்கனுக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்க கார் வாடகைக்கு எடுத்து ஒரு நாலஞ்சு நாள் சுத்துறதா பிளான். அருவிதான் மெயின், மியூசியம் ஷாப்பிங் எதுவும் வேணாம்னு அப்பாவே சொல்லிட்டாரு.

இதுவரைக்கும் எழுதி வச்சிருக்கது: ஸ்டெயின்ஸ்டால்ஸ்ஃபோசென், வோரிங்ஸ்ஃபோசென், லோட்டெஃபோசென், லாங்ஃபோஸ், வோஸ் பக்கத்துல த்வின்டெஃபோசென், ஃப்ளோம் ரயில்ல போற வழியில கியோஸ்ஃபோசென், அப்புறம் கெய்ராங்கர் போயி ஏழு சகோதரிகள். முடிஞ்சா நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்க ட்ரோல்டுங்கா பாறையும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்குறதுதான் கஷ்டம், சமதரைல நடப்பாங்க. அப்பா நல்லா நடப்பாரு ஆனா ஷூ போடவே மாட்டேன்னு அடம். நானும் வைஃபும் ஒரு நாளாச்சும் ஒழுங்கா ஹைக்கிங் போகணும்னு ஆசைப்படுறோம். எதை வெட்டலாம் சொல்லுங்க, தயவு தாட்சண்யம் வேணாம்.

பெர்கன்_வாசுகி

வாங்கோ தம்பி. முதல்ல கெய்ராங்கரை வெட்டுங்கோ. மேப்பில பக்கம் மாதிரித்தான் தெரியும், பெர்கன்ல இருந்து அங்க போறதுக்கே ஒரு முழுநாள் காரில போயிடும், இடையில ஃபெரியும் இருக்கு. ஏழு சகோதரிகள் நல்ல வடிவுதான், இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா அதைப் போட்டில இருந்துதான் ஒழுங்காப் பாக்கலாம், அதுக்கெண்டு ஓலசுண்ட் பக்கமா வேற ஒரு பயணம் வையுங்கோ.

ட்ரோல்டுங்காவையும் விடுங்கோ. ஷெக்கெடால்ல இருந்து போய்வர 27 கிலோமீட்டர், பத்துப் பன்ரண்டு மணித்தியாலம். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்து ஊர் ஒட்டாவில ஒரு அறைக்குள்ள இருத்திப்போட்டு நீங்கள் ஒரு நாக்குப் பாறையில நிண்டு படம் எடுக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. ஜூன் நடுவில மேல இன்னும் பனியும் கிடக்கும்.

ஹார்டாங்கருக்குள்ளயே நில்லுங்கோ. நாங்கள் இஞ்ச கன வருசமா இருக்கிறம், ஆக்கள் வந்தா அந்தப் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போறது. கின்சார்விக் இல்லாட்டி ஐட்ஃபியோர்டில ஒரு ஹுட்டெ (சின்ன மரவீடு) எடுத்துத் தங்கினா அங்க இருந்துகொண்டே ஒவ்வொண்டாப் போய்ப் பாத்திட்டு வரலாம். ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிறது வயசுபோன ஆக்களுக்கு ஏலாது.

ஒத்தையடி

வாசுகி அக்கா சொன்னதுக்கு ப்ளஸ் ஒன்.

ப்ரோ நீங்க எழுதின லிஸ்ட்டைப் பாருங்க, எல்லாமே கார் கதவைத் திறந்தா தெரியுற அருவி. தப்பில்ல, ஆனா ஹைக்கிங் ஆசைன்னு சொல்லிட்டு ஹூசெடாலென் பேரே காணோம். கின்சார்விக்ல ஃபியோர்டுல, அதான் மலைக்கு நடுவுல நீளமா உள்ள வந்த கடல்ல, வந்து கலக்குதே கின்சோ ஆறு, அதோட பள்ளத்தாக்கு அது. ஒரே ஆறு, நாலு அருவி, வரிசையா. கீழ ட்வெயிட்டாஃபோசென் 103 மீட்டர், அடுத்து நியாஸ்டோல்ஸ்ஃபோசென் 115, அதுக்கு மேல நிக்கெசோய்ஃபோசென் 49, கடைசியா சோட்டெஃபோசென் ரெண்டு தாவா மொத்தம் 246 மீட்டர். ஒவ்வொண்ணும் ஒரு படிக்கட்டு மாதிரி பள்ளத்தாக்கை மேல தூக்கிட்டுப் போவும், ஒண்ணு ஏறி முடிச்சா கொஞ்சம் சமவெளி, ஆறு அமைதியா ஓடும், அப்புறம் அடுத்த சத்தம் காதுல விழ ஆரம்பிக்கும்.

போய்வர அஞ்சாறு மணி நேரம் வச்சுக்கோங்க. பழைய மின்நிலையம் பக்கத்துல இருந்து பாதை ஆரம்பிக்கும். முதல் அருவி ஓரமா ஏறுறது செங்குத்து, மர வேரும் கல்லுமா இருக்கும், அங்கேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். அதத் தாண்டிட்டா சுகம்.

என்னைக் கேட்டா உங்க லிஸ்ட்ல இருக்க எல்லாத்தையும் விட்டுட்டு இத ஒண்ண மட்டும் பாத்துட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்ல.

சொகுசுப்பயணி

ஆரம்பிச்சுட்டாருய்யா. ஒத்தையடி ப்ரோ, அவரு முழங்கால் வலி உள்ள அம்மாவக் கூட்டிட்டுப் போறாரு, நீங்க வேர்லயும் கல்லுலயும் ஏறச் சொல்றீங்க.

ரோட்டோர அருவின்னா என்ன மட்டமா? லோட்டெஃபோசென் போயிருக்கீங்களா ஜூன்ல? 165 மீட்டர், ரெண்டு கிளையா பிரிஞ்சு விழுந்து கீழ ஒண்ணா சேந்து ரோட்டுக்கு அடியில ஓடும், அந்த ரோடு ஆறு வளைவு உள்ள பழைய கல்பாலம். நல்ல தண்ணி இருக்கப்ப பாலத்து மேல மழை பெய்யுற மாதிரி சாரல், வெயில் அடிச்சாலும் வைப்பர் போட்டுத்தான் தாண்டணும். கார் கண்ணாடியை இறக்கினா முகமெல்லாம் நனைஞ்சுடும். எங்க மாமியார் காரை விட்டு இறங்கவே இல்ல, உள்ள உக்காந்துக்கிட்டே சிரிச்சுட்டு இருந்தாங்க, அவங்களுக்கு அந்த ட்ரிப்புல அதான் பிடிச்சுது.

ஸ்டெயின்ஸ்டால்ஸ்ஃபோசென் இன்னும் ஈஸி, நூர்ஹெய்ம்சுண்ட் பக்கத்துல, பார்க்கிங்ல இருந்து கொஞ்சம் மேல நடந்தா அருவிக்குப் பின்னாடியே போயி நிக்கலாம், தண்ணி நம்ம முன்னாடி திரை போட்ட மாதிரி விழும். மொத்தமே 50 மீட்டர்தான். ஜெர்மன் பேரரசர் ரெண்டாம் வில்ஹெல்ம் முதல் உலகப்போருக்கு முன்னாடி கோடைக்குக் கோடை அங்க வந்துட்டு இருந்தாரு. ராஜாவே ரோட்டோர அருவிக்குத்தான் போனாரு, நமக்கென்ன.

டர்பைன்_தாசன்

நான் நீர்மின் துறைல இருக்கேன், நார்வேல கொஞ்ச காலம் வேலை பாத்திருக்கேன். இந்தப் பேச்சுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போவுது. அருவி ரோட்டோரமா மலைமேலயாங்கிறத விட அந்த ஆத்துத் தண்ணி யார் கையில இருக்குங்கிறதுதான் முதல்ல பாக்கணும்.

அந்த நாட்டு மின்சாரத்துல பத்துல ஒன்பது பங்கு நீர்மின்சாரம். மேற்கு நார்வே மலை எல்லாம் உள்ள சுரங்கம் தோண்டி வச்சிருக்காங்க, மேல பீடபூமில இருக்க ஏரித் தண்ணிய குழாய்ல இறக்கி கீழ ஃபியோர்டு மட்டத்துல டர்பைன் சுத்துறாங்க. அப்போ வழக்கமா தண்ணி விழுந்த பாறை காஞ்சு போவும். ட்ரோல்டுங்கா போற வழியில டிஸ்ஸெஸ்ட்ரெங்கெனேன்னு ஒரு அருவி இருந்துச்சு, ஒரே தாவா 300 மீட்டர் விழுந்தது. 1967ல மின்நிலையத்துக்குத் தண்ணிய திருப்பினதும் போச்சு. இன்னைக்கு அங்க போறவங்க பலபேருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது.

வோரிங்ஸ்ஃபோசென் பாதி பாதி. 182 மீட்டர், அதுல 163 நேர் வீழ்ச்சி. அதோட தண்ணில ஒரு பகுதி சீசென் அணை வழியா சீமா மின்நிலையத்துக்குப் போவுது. ஆனா ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் வினாடிக்குக் குறைஞ்சது 12 கன மீட்டர் அருவில விட்டே ஆகணும்னு விதி. அதனால கோடைமழை நீங்க போற நேரம் கவலையில்ல. மே தொடக்கத்துலயோ அக்டோபர்லயோ போயிட்டு "என்னப்பா இவ்ளோதானா"ன்னு வர்றவங்க இருக்காங்க, அருவி மேல குத்தமில்ல.

இதவிட மோசம் மார்டால்ஸ்ஃபோசென், வடக்க ஐக்கெஸ்டால்ல. மொத்தம் 705 மீட்டர், ஐரோப்பாவுலயே பெரிய அருவிகள்ல ஒண்ணு, ஜூன் 20ல இருந்து ஆகஸ்ட் 20 வரைக்கும்தான் தண்ணி திறந்து விடுவாங்க. 1970ல அங்க பெரிய போராட்டம், தத்துவவாதி ஆர்னே நெஸ் உட்பட ஆளுங்க உக்காந்து, பாறையோட சங்கிலி போட்டுக் கட்டிக்கிட்டு, போலீஸ் தூக்கிட்டுப் போச்சு. அணை கட்டிட்டாங்க, போராட்டம் தோத்துச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் எந்த ஆத்தை விட்டு வைக்கிறதுங்கிற பேச்சே அந்த நாட்டுல சூடு பிடிச்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒத்தையடி சொன்ன கின்சோ பாதுகாக்கப்பட்ட ஆறு. லாங்ஃபோஸ் கட்டுப்பாடு இல்லாதது, 612 மீட்டர் மலைச்சரிவோட வழிஞ்சு நேரா ஓக்ராஃபியோர்டுல விழும். லோட்டெஃபோசெனும் அப்படித்தான். இதெல்லாம் பனி உருகுற மே கடைசி, ஜூன்ல முழு பலத்தோட இருக்கும், யாரும் வால்வு திறந்து விட வேண்டியதில்ல. உங்க தேதி அமோகமான தேதி.

கோடைமழை

டர்பைன் சார் செம்ம தகவல், இது எந்த டிராவல் சைட்லயும் கண்ணுல படல. அப்போ கெய்ராங்கர், ட்ரோல்டுங்கா ரெண்டும் அவுட். கின்சார்விக்ல ஹுட்டெ பாத்தேன், விலை நெஞ்சை அடைக்குது, ஆனா அடுப்பு பாத்திரம் எல்லாம் இருக்கு, அம்மா சமைக்கலாம்.

ஒரு சின்ன கேள்வி, சிரிக்காதீங்க. அப்பாவுக்கு அருவின்னா குளிக்கணும். குத்தாலம் போயி குளிக்காம திரும்புறவன் உண்டாங்குறாரு. துண்டு, நல்லெண்ணெய் எல்லாம் பெட்டில வச்சாச்சு. எங்கயாச்சும் தலையைக் காட்ட முடியுமா?

சொகுசுப்பயணி

நல்லெண்ணெய் 😂😂 அப்பாவுக்கு என் சல்யூட்

பெர்கன்_வாசுகி

ஐயோ தம்பி அதை மட்டும் விட்டுடாதேங்கோ. இது நேற்றுவரை பனியா இருந்த தண்ணி, ஜூன்ல பத்து டிகிரிக்கும் கீழதான் இருக்கும். உள்ள இறங்கினா மூச்சே ஒருக்கா நிண்டுதான் வரும், இதய வருத்தம் உள்ள ஆக்களுக்குச் சரியான ஆபத்து. குற்றாலத்தில பிடிக்கக் கம்பி இருக்கு, காவலுக்குப் பொலிஸ் நிக்கும், இஞ்ச அருவிக்குக் கீழ கல்லும் இழுப்பும்தான், ஒருத்தரும் நிக்கமாட்டினம். ஈரப்பாசி பிடிச்ச பாறையில சறுக்கினா அவ்வளவுதான்.

ஸ்டெயின்ஸ்டால்ஸ்ஃபோசெனுக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போங்கோ, சாரல் வடிவா அடிக்கும், அதுவே அரைக் குளிப்பு. குளிக்கத்தான் வேணும் எண்டால் வெயில் நாளில ஃபியோர்ட் கரையில ஆழமில்லாத இடமாப் பாத்து இறங்கட்டும், அதுவும் குளிர்தான், ஆனா இழுக்காது.

டர்பைன்_தாசன்

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். மின்நிலையம் உள்ள ஆத்துல, அணைக்குக் கீழ, தண்ணி மட்டம் திடீர்னு ஏறும். எச்சரிக்கை போர்டு வச்சிருப்பாங்க. தண்ணி கம்மியா இருக்கேன்னு நடு ஆத்துப் பாறைல போயி உக்காந்து சாப்பாடு பிரிக்காதீங்க, நம்ம ஆளுங்க செய்யுறத பாத்திருக்கேன்.

அப்புறம் வோரிங்ஸ்ஃபோசென்ல வேலிக்கு அந்தப் பக்கம் போயி படம் எடுக்குற வேலை வேணவே வேணாம். விழுந்து செத்தவங்க இருக்காங்க. இப்ப நல்ல மேடை எல்லாம் கட்டிட்டாங்க, 2020ல ஆத்துக்குக் குறுக்க ஒரு படிப்பாலம் திறந்தாங்க, 99 படி, அருவி விழ ஆரம்பிக்கிற இடத்துக்கு மேலயே நடந்து போலாம். அம்மாவுக்குப் படி வேணாம்னா ஃபோஸ்லி ஹோட்டல் பக்கம் காரை விட்டீங்கன்னா அங்க மேடையில இருந்தே பள்ளத்தாக்கு முழுசா தெரியும். அந்த ஹோட்டல் 1891ல கட்டினது, இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் 1896ல அங்க தங்கி நாட்டுப்பாட்டு மெட்டுகளைப் பியானோவுக்கு எழுதினாரு.

ஒத்தையடி

வோரிங்ஸ் பத்தி என் கருத்து: மேல இருந்து பாத்தா படம் பாத்த மாதிரிதான். கீழ மோபோடாலென் பள்ளத்தாக்குல இருந்து அருவி அடிவாரத்துக்கு ஒரு பாதை இருக்கு, பெரிய பெரிய பாறாங்கல்லு மேல நடக்கணும், அங்க போனாத்தான் 182 மீட்டர்னா என்னன்னு கழுத்து சொல்லும். ஆனா அந்தப் பாதைல கல் சரியுற அபாயம் உண்டு, சில சமயம் மூடிடுவாங்க. போறதுக்கு முன்னாடி ஐட்ஃபியோர்ட் டூரிஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க, மூடினா மூடினதுதான், கயித்தைத் தாண்டிப் போகாதீங்க.

சொகுசு ப்ரோவுக்கு: லோட்டெஃபோசென் நல்லாருக்கு, ஒத்துக்குறேன். ஆனா அங்க நீங்க எவ்ளோ நேரம் நிப்பீங்க? பத்து நிமிஷம். பின்னாடி பஸ் ஹார்ன் அடிப்பான். ஹூசெடாலென்ல ஒரு அருவிய அரைமணி நேரம் காதால கேட்டுட்டுத்தான் கண்ணால பாப்பீங்க, அதுக்குள்ள மனசு அதுக்குத் தயாராயிரும். எனக்கு அருவின்னா அதான், அந்த நடையும் சேத்துத்தான்.

சொகுசுப்பயணி

சரிங்க சாமியாரே. மனசு தயாராக எனக்கு ஒரு காபியும் கார் ஹீட்டரும் போதும்.

மலைக்கள்ளி

நான் ஸ்டாவாங்கர்ல இருக்கேன், ஒட்டாவுக்கு அடிக்கடி போவேன். டிரைவிங் பத்தி யாருமே சொல்லலையே.

ஒட்டாவுல இருந்து கின்சார்விக் போற 13ஆம் நம்பர் ரோடு பல இடத்துல ஒரு கார் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஃபியோர்டு, நடுவுல எதிர்ல கேரவான். ஒதுங்குறதுக்கு இடம் விட்டிருப்பாங்க, கொஞ்சம் தூரத்துலயே பாத்து ஒதுங்கிடுங்க, ரிவர்ஸ் எடுக்க யோசிக்கக் கூடாது. 40 கிலோமீட்டர் தானேன்னு நினைக்காதீங்க, ஒரு மணி நேரம் ஆகும். ஆனா அந்த ரோடு முழுக்க ஆப்பிள் தோட்டம், எதிர்க்கரை மலைமேல ஃபோல்கெஃபோன்னா பனியாறு தெரியும், வண்டி ஓட்டுறவங்களுக்குத்தான் எதையும் பாக்கக் கொடுத்து வைக்காது. மே மாசம் பூ பூத்திருக்கும், நீங்க போறப்ப முடிஞ்சிருக்கும்.

பெர்கன்ல இருந்து வர்றப்ப ஹார்டாங்கர் பாலம் தாண்டுவீங்க, 2013ல திறந்தது, ரெண்டு தூணுக்கு நடுவுல தொங்குற பகுதி மட்டும் 1310 மீட்டர். பாலத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மலைக்குள்ள சுரங்கத்துலயே ரவுண்டானா, நீல லைட் போட்டு. முதல் தடவை போறவங்க அங்க மிரண்டு பிரேக் அடிக்குறாங்க, ஜிபிஎஸ் உள்ள வேலை செய்யாது, எந்த எக்ஸிட்டுன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. டோல் எல்லாம் கேமரா புடிக்கும், பணம் எங்கயும் கட்ட வேணாம், பின்னாடி வாடகைக் கார்க்காரன் பில் அனுப்புவான். எனக்கு ஒருத்தன் டோலுக்கு மேல "கையாளும் கட்டணம்"னு தனியா போட்டான், கார் எடுக்குறப்பவே கேட்டுருங்க.

பெர்கன்_வாசுகி

இன்னொண்டு, சாமான். குடை கொண்டுபோகாதேங்கோ, காத்தில ஒரு நிமிசம் நிக்காது. பெர்கன்ல வருசத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை, ஹார்டாங்கர் உள்ளுக்குப் போகப் போகக் குறையும், எண்டாலும் மழைக்கோட்டும் மழைக் காற்சட்டையும் எல்லாருக்கும் வேணும். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சால் காயாது, குளிர் ஏறும். அப்பாவுக்கு எப்பிடியாவது நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வாங்கிக் குடுங்கோ, செருப்போட ஹூசெடாலென் ஏறேலாது எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.

சாப்பாடு கையில கட்டிக்கொண்டு போங்கோ. மலையில கடை கிடையாது, கீழ இருக்கிற கடையும் ஞாயிற்றுக்கிழமை முக்கால்வாசி பூட்டு. நாங்கள் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஃப்ளாஸ்க்கில இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டு போவம். மழை கொட்டேக்க ஒரு பாறைக்குக் கீழ ஒதுங்கி நிண்டு சம்பலோட ரொட்டி கடிச்சுப் பாருங்கோ, பிறகு எந்த ரெஸ்டோரண்டும் வேண்டாம் எண்டுவியள். நார்வேக்காரர் ஆராவது அவ்வடத்தால போனால் மூக்கைச் சுழிக்கமாட்டினம், "ஹை ஹை" எண்டு சிரிச்சுக்கொண்டு போவினம்.

கோடைமழை

கின்சார்விக்ல இருந்து எழுதுறேன். வந்து சேந்துட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு வெளிச்சமா இருக்கு, அப்பா தூக்கம் வரலைன்னு ஃபியோர்டு ஓரமா நடந்துட்டு இருக்காரு. வர்ற வழியில ஸ்டெயின்ஸ்டால்ஸ் பாத்தாச்சு. அம்மா பின்னாடி வரைக்கும் வந்தாங்க! மேல ஏறுற இடத்துல மட்டும் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. தண்ணிக்குப் பின்னாடி நின்னு பேசினா யாருக்கும் கேக்கல, அம்மா ஏதோ சாமி ஸ்லோகம் சொல்லிட்டு இருந்தாங்க, வாய் அசையுறது மட்டும் தெரிஞ்சுது. அப்பா ரெண்டு கையாலயும் சாரலைப் புடிச்சுத் தலைல தடவிக்கிட்டாரு, எண்ணெய் வைக்கலையேன்னு ஒரு ஏக்கம் வேற.

நாளைக்கு ஹூசெடாலென். நானும் வைஃபும் அப்பாவும், அம்மா ஹுட்டெல இருக்கேன்னுட்டாங்க. ஆனா இயர் (Yr) வானிலை ஆப்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நல்ல மழை காட்டுது. போலாமா வேணாமா?

ஒத்தையடி

போங்க, ஆனா சீக்கிரம் கிளம்புங்க. ஏழு மணிக்குப் பாதைல கால் வச்சா மழைக்கு முன்னாடி மூணாவது அருவி வரைக்கும் தாராளமா போய்ட்டுத் திரும்பலாம். சிவப்பு டி குறி போட்டிருப்பாங்க பாறைலயும் மரத்துலயும், அதை விட்டு விலகாதீங்க. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல வழவழன்னு மொட்டைப் பாறைச் சரிவு இருக்கு, காஞ்சிருந்தா பயமில்ல, நனைஞ்சா மகா வழுக்கல். அந்த இடத்துக்குப் போறப்ப மழை பிடிச்சா மேல யோசிக்காதீங்க, திரும்பிருங்க. ஏறிடலாம், இறங்குறதுதான் வம்பு.

மலைக்கள்ளி

வார்சோம் சைட்டையும் ஒரு தடவை பாத்துருங்க, வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கை அதுல வண்ணம் போட்டுக் காட்டுவாங்க. மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தா அன்னைக்கு லோட்டெஃபோசென் மாதிரி ரோட்டோரத்தோட நிறுத்திக்கலாம். ஒட்டாவுல 2014 அக்டோபர்ல ஓப்போ ஆறு பொங்கி கரையோர வீடுகளையே அடிச்சுட்டுப் போச்சு, அமைதியாத்தான் தெரியும் இந்த ஆறுங்க. ஃபோன்ல ஹ்யெல்ப் (Hjelp) 113 ஆப் போட்டுக்கோங்க, ஆம்புலன்சைக் கூப்பிட்டா நீங்க இருக்க இடம் அவங்களுக்குத் தானாப் போவும். எங்க போறீங்க எப்ப வருவீங்கன்னு அம்மாகிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.

கோடைமழை

போய்ட்டு வந்துட்டோம். கால் என் கால் மாதிரியே இல்ல.

ஆறே முக்காலுக்கு ஆரம்பிச்சோம். முதல் அருவிக்கு ஏறுறது ஒத்தையடி சொன்ன மாதிரியே மூச்சை எடுத்துருச்சு, அப்பா புது ஷூவோட முன்னாடி போயிட்டு இருந்தாரு, நான்தான் நின்னு நின்னு போனேன். நியாஸ்டோல்ஸ்ஃபோசென் பக்கத்துல போனப்பதான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. பாக்க வெள்ளையா ஒண்ணும் புரியல முதல்ல. கொஞ்ச நேரம் ஒரே இடத்தைப் பாத்துட்டு இருந்தா தண்ணி விழறதே தனித்தனி கொத்தா விழுது, ஒவ்வொரு கொத்தும் அம்பு மாதிரி முனை வச்சு இறங்குது, கீழ போகப் போக அந்த முனை புகையாயிடுது. காத்து திரும்புறப்ப அந்தப் புகை மொத்தமும் நம்ம மேல. கண்ணாடில துடைக்கத் துடைக்க தண்ணி. பக்கத்துப் புல்லு எல்லாம் எப்பவும் ஒரே பக்கம் சாஞ்சே வளந்திருக்கு.

அந்த மொட்டைப் பாறை காஞ்சுதான் இருந்துச்சு, தாண்டிட்டோம். நிக்கெசோய்ஃபோசென் உயரம் கம்மிதான் ஆனா அகலமா விழுது, எனக்கு அதான் ரொம்ப அழகா பட்டுச்சு, முன்னாடி புல்வெளி, உக்காந்து புளிசாதம் சாப்ட்டோம். அங்க இருந்து தூரத்துல சோட்டெஃபோசென் தெரிஞ்சுது. பதினொன்றரைக்கே மேல மேகம் இறங்கி அந்த அருவியோட மேல் பாதியைக் காணோம். வைஃப் போலாம்னா, அப்பா வேணாம்னுட்டாரு. திரும்பிட்டோம். முதல் அருவிக்கிட்ட இறங்குறப்ப மழை புடிச்சுது, அந்த வேரெல்லாம் சோப்பு போட்ட மாதிரி, உக்காந்து உக்காந்துதான் இறங்கினோம்.

ஒத்தையடி

சூப்பர் ப்ரோ. நாலாவது எங்கயும் போயிடாது. அதுக்கு மேல ஏறினா ஹார்டாங்கர்விட்டா பீடபூமி, அங்க இருந்து திரும்பிப் பாத்தா பள்ளத்தாக்கு முழுக்க ஃபியோர்டு வரைக்கும் தெரியும். அடுத்த தடவை நல்ல வெயில் நாளாப் பாத்து போங்க.

டர்பைன்_தாசன்

நல்ல விவரிப்பு. அந்தப் படிப்படியான அமைப்பு ஏன்னா, எல்லாம் பனியாறு வேலை. பனிக்கட்டி பள்ளத்தாக்கை ஒரே சீரா வெட்டாது, பாறை வலுவா இருக்க இடத்துல மேடா விட்டுட்டு, விரிசல் விட்ட இடத்துல ஆழமா அரிச்சுட்டுப் போவும். பெரிய பனியாறு ஃபியோர்டை ரொம்ப ஆழமாத் தோண்டிடுச்சு, பக்கத்து சின்னப் பள்ளத்தாக்குங்களுக்கு அந்த அளவுக்குப் பலமில்ல, அதெல்லாம் அந்தரத்துல தொங்குற மாதிரி உயரத்துலயே நின்னுபோச்சு. பனி உருகினதும் தொங்குன பள்ளத்தாக்கு ஆறெல்லாம் குதிச்சுத்தான் இறங்கணும். மேற்கு நார்வேல திரும்புற பக்கமெல்லாம் அருவி இருக்கக் காரணம் அதுதான், கூடவே அட்லாண்டிக் மழையும்.

சொகுசுப்பயணி

எல்லாம் சரி, லோட்டெஃபோசென் போனீங்களா இல்லையா அதைச் சொல்லுங்க.

கோடைமழை

போனோம் ப்ரோ, அடுத்த நாள், அம்மாவோட. நல்லா மழை பெஞ்சதால தண்ணி கிழிச்சுட்டு இருந்துச்சு. அம்மா இறங்கினாங்க, பாலத்துல நடந்தாங்க, முழுசா நனைஞ்சாங்க, அப்புறம் கார் சீட்டை நனைச்சாங்க. அப்படியே லாங்ஃபோஸும் பாத்துட்டு வந்தோம், காரை விட்டு இறங்கி அண்ணாந்து பாத்தா மேல எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. ஃப்ளோம் ரயிலை விட்டுட்டோம், டிக்கெட் விலையைப் பாத்துட்டு அப்பா "இதுக்கு மதுரைக்கு நாலு தடவை போய்ட்டு வரலாம்"னாரு.

பெர்கன்_வாசுகி

ஃப்ளோம் விட்டது பரவாயில்லை. 20 கிலோமீட்டரில 866 மீட்டர் ஏறுற ரயில், எஞ்சினியரிங் விருப்பமான ஆக்களுக்குப் பிடிக்கும். கியோஸ்ஃபோசென்ல அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவினம், பாட்டுப் போட்டு ஒரு பெட்டை சிவப்பு உடுப்போட பாறையில ஆடும், மோகினி மாதிரியாம். எனக்கு அருவிக்குப் பாட்டுப் போடுறதே பிடிக்காது, ஆனா பிள்ளையளுக்கு அதுதான் விருப்பம்.

வடபழனி_வாசி

இழை ஃபுல்லா படிச்சேன், செம்ம. நான் ஆகஸ்ட் கடைசில போறேன், தனியா, நல்லா நடப்பேன். அந்த நேரத்துல தண்ணி இருக்குமா? வெட்டிஸ்ஃபோசென் பத்தி யாரும் சொல்லலையே, ஒர்த்தா?

ஒத்தையடி

ஒர்த். ஓவ்ரெ ஓர்டால் தாண்டி ஹ்யெல்லேன்னு ஒரு இடம், அங்க காரை விட்டுட்டு உட்லாடாலென் பள்ளத்தாக்குல நடக்கணும், வெட்டி பண்ணை வரைக்கும் மண்ரோடு, அதுக்கு அப்புறம் கல்லுப் பாதை. போய்வர நாலஞ்சு மணி நேரம். 275 மீட்டர் ஒரே வீழ்ச்சி, நடுவுல எங்கயும் பாறைல படாம வர்ற தண்ணி, 1924லயே சட்டம் போட்டுப் பாதுகாத்துட்டாங்க. போற வழியிலயே வேற அருவியும் வரும்.

ஆகஸ்ட் கடைசில பனி உருகுற தண்ணி குறைஞ்சுரும், ஜூன் மாதிரி எதிர்பாக்காதீங்க. ஆனா ரெண்டு நாள் மழை பெஞ்சு மூணாவது நாள் வெளுத்துதுன்னா அன்னைக்குப் போங்க.

டர்பைன்_தாசன்

ஆகஸ்ட் 20க்கு அப்புறம்னா மார்டால்ஸ்ஃபோசெனை லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க, மூடியிருப்பாங்க. வோரிங்ஸ் செப்டம்பர் நடு வரைக்கும் ஓகே.

வடபழனி_வாசி

சரி சார், மார்டால் கட். வெட்டிஸுக்கு பெர்கன்ல இருந்து பஸ்லயே போயிடலாமா, இல்ல கார் எடுத்தே ஆகணுமா?

மலைக்கள்ளி

ஓர்டால் வரைக்கும் பஸ் உண்டு, அதுக்கு மேல ஹ்யெல்லேக்கு டாக்சியோ நடையோதான். அந்த ஊர்லயே ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல கிளம்புங்க, அன்னைக்கே பெர்கன் திரும்புற கணக்கெல்லாம் போடாதீங்க.